மெத்தையில் நிற்கக் கூடாது

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு நண்பர்கள் வைத்த பெயர் ஐஸ்காரர். பெயரில்தான் ஐஸ். வாழ்நாளில் அவர் ஒருத்தருக்கும் ஐஸ் வைத்தது கிடையாது. ஒரு வீட்டுக்குப் போனால் "நல்லா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்க மாட்டார். "எத்தனை நாளா சத்தம் வருது" என்று கேட்டுக்கொண்டே ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பி அதன் முதுகில் கை வைத்திருப்பார். வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்து வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். வேலை முடிந்து, கையைத் துடைத்து, ஃப்ரிட்ஜ் ஒழுங்காக உறுமுகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகு, ஆடை படிந்து ஆறி அவலாகிவிட்ட அந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புவார். "உங்க அப்பா சூடா ஒண்ணைக் குடிச்சு நான் பார்த்ததே இல்லடி" என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கையில் எடுத்ததை நடுவில் விட மாட்டார், அவ்வளவுதான் விஷயம். இந்தக் குணத்துக்கு வெளியே ஏகப்பட்ட நல்ல பெயர். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட ரோதனை என்று. பள்ளிக்கூட விழாவில் மகள் பாடி முடித்து, கூட்டம் கலைந்து, மேடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மனுஷன் போய் நிற்பார். அதற்கு ஒரு வருத்தம் தெரிவிப்பாரா என்றால் அதுவும் கிடையாது. எதற்குத் தெரிவிக்க வேண்டும்? அதுதான் வந்துவிட்டாரே! வராமலா இருந்தார்? முடித்துவிட்டு வந்தார். அவர் கணக்கில் அது தாமதமே இல்லை.

வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. கழற்றிய ஃப்ரிட்ஜ் கதவுகள் சுவரோரம் சாய்ந்திருக்கும். சிலவற்றில் யார் வீட்டுப் பிள்ளைகளோ ஒட்டிய பூனைப் படங்கள் அப்படியே இருக்கும். மாடிப்படிக்கு அடியில் பழைய கம்ப்ரசர்கள். வாசலில் அவருடைய பிக்கப் வண்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப். ஜீப்பை ஓட்டியது மனைவிதான். குள்ளமான மனுஷி. ஸ்டியரிங்குக்கு மேல் தலை தெரிய வேண்டும் என்று சீட்டில் ஒரு நீலத் திண்டு போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். மகள் வண்டி ஓட்டக் கற்றதும் அந்த ஜீப்பில், அந்தத் திண்டின் மேல் உட்கார்ந்துதான். சொல்லிக்கொடுத்தவர் அப்பா.

அந்த மனைவிக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சீக்கிரமே அனுப்பிவிடுவோம் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் அறை படுத்துவிட்டது. அறை நிறையக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து. இவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"அப்பா, அம்மா உன்னைக் கேக்கறா. உடனே வா."

"கையில வேலை இருக்கு பாப்பா. முடிச்சுட்டு வந்துடறேன்."

"அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்குப்பா."

"டாக்டரைக் கூப்பிடு. நான் இதோ வந்துட்டே இருக்கேன்."

வந்துகொண்டிருக்கவில்லை. பாதியில் எழுந்து போனால் அத்தனை மருந்தும் பாழ். அது உண்மைதான், அதில் ஒரு பொய்யும் இல்லை. புது கம்ப்ரசரை மாட்டி, கேஸ் ஏற்றி, அறை குளிர்கிறதா என்று நின்று பார்த்து, பிறகு பிக்கப்பை விரட்டிக்கொண்டு போனார். வார்டில் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் மகள் அம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதுவரைக்கும் அப்பாவை வா, போ என்றுதான் பேசுவாள். அன்றைக்கு வந்த மரியாதை பிறகு போகவே இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. படித்தாள், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலைக்குப் போனாள், தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு தனி வீட்டுக்குப் போனாள். எல்லாம் மரியாதையாக, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். போனில் பேசினால் "சாப்பிட்டீங்களா? சரிப்பா, வெச்சுடறேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. இப்போது மாப்பிள்ளை வெகு தூரத்து நாடு ஒன்றில் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். அவளுக்கும் விசா வந்துவிட்டது. அங்கேயே தங்கிவிடுவதாக ஏற்பாடு.

இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு வாக்கியம் ஐஸ்காரரிடம் இருந்தது. "அன்னைக்கு நான் வந்திருக்கணும் பாப்பா." இவ்வளவுதான். கம்ப்ரசர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அங்கே நன்றாக வரும். போனை எடுத்தால் வராது. அவள் ஏறிப் போவதற்குள் அதை நேரில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பிவிட்டால் தனக்கு மகள் என்று ஒருத்தி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை மணல் தீவு. பல் டாக்டர், வாத்தியார், ஐஸ்காரர் என்று மூன்று பேர் கூட்டு. வாத்தியாரின் மனைவியும் கூட வருவார். சின்ன வயசில் மகளும் வந்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டிகளை ஃபெர்ரிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தீவில் இறங்குவார்கள். அங்கே ரோடு கிடையாது, கடை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மண் மட்டும்தான் இருக்கிறது. டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு, கடல் உள்வாங்கிய நேரத்தில் கரையோரத்து ஈர மணலில் ஓட்டிப் போக வேண்டும். ஈர மணல் சிமெண்ட் மாதிரி கெட்டியாக இருக்கும். பிறகு கரையை விட்டு உள்ளே திரும்பி, மரத்தோப்புக்குப் போய்க் கூடாரம் அடிக்க வேண்டும். கரைக்கும் தோப்புக்கும் நடுவில்தான் வில்லங்கம். மாவைக் கொட்டிப் பரப்பியது போல் ஒரு நீண்ட மணல்வெளி. அதற்கு இவர்கள் வைத்த பெயர் மெத்தை.

மெத்தைக்கு என்று பல் டாக்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆள் நோயாளிகளை வாயைத் திறக்கவைத்துவிட்டுப் பேசிப் பேசிப் பழகியவர், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஒவ்வொரு வருஷமும் காற்றை இறக்கும்போது அதை ஒருமுறை ஒப்பிப்பார். "மெத்தையில நிக்கக் கூடாது. ரெண்டாவது கியர், ஒரே மிதி. பிரேக்குல கால் வெக்கக் கூடாது. முன்னாடி வண்டி மாட்டிக்கிட்டா பக்கத்துல போய் நிக்காதீங்க, சுத்திக்கிட்டுப் போயிடுங்க. கெட்டி மண்ணுல வண்டியை நிறுத்திட்டு, கயித்தை எடுத்துக்கிட்டு நடந்து வாங்க. பாசம் பொத்துக்கிட்டு வந்து நின்னீங்கன்னா ரெண்டு வண்டியும் போச்சு, இழுக்க ஆளிருக்காது." மெத்தையில் நின்றவருக்குத் தண்டனையும் உண்டு. அன்றைக்கு எல்லார் பாத்திரத்தையும் கழுவ வேண்டும். ஐஸ்காரர் ஒரு தடவைகூடக் கழுவியது இல்லை. அவருக்காகவே தைத்த சட்டை மாதிரியான சட்டம் அது.

இந்த வருஷம் போகும் முன் மகளுக்குப் போன் செய்து, "நீயும் வர்றியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் மறுப்பதற்கு வசதியாக, "வேலை இருந்தா வேணாம்" என்றும் சொல்லிவைத்தார்.

"அம்மா ஜீப்பு ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடாம? மாசாமாசம் கழுவி ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன்."

"அப்ப நான் அதுல வர்றேன். திரும்பி வர்ற அன்னைக்கு சாயங்காலம் ஃப்ளைட்டுப்பா. அப்படியே ஏர்போர்ட் போயிடறேன்."

"நான் கொண்டு விடறேன்" என்றார்.

அன்றைக்கு முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பின் அடியில் புகுந்து ஒவ்வொரு நட்டையும் முறுக்கிப் பார்த்தார். நீலத் திண்டை வெயிலில் தட்டிக் காயவைத்தார். அவளுடைய பெட்டிகளை ஜீப்பின் பின்னால் தானே ஏற்றிக் கட்டினார்.

தீவில் இறங்கியதும் வழக்கம் போலக் காற்றை இறக்கினார்கள். பல் டாக்டர் சட்டத்தை ஒப்பித்தார். "தெரியும் அங்கிள், சின்னப் பிள்ளையிலேர்ந்து கேக்கறேன்" என்று மகள் சிரித்தாள். முன்னால் வாத்தியார், அவருக்குப் பின்னால் ஜீப், பிறகு பிக்கப், கடைசியில் பல் டாக்டர். கரையோரம் வண்டிகள் பறந்தன. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல்மேடு, நடுவில் அவருடைய மனைவியின் ஜீப். நடுவே வாத்தியார் ஒதுங்கி நிறுத்தச் சொன்னபோது மகள் குதித்து இறங்கி ஓடிவந்தாள்.

"அப்பா, நீ பாத்தியா? அந்த ஓடையை எப்படித் தாண்டினேன் பாத்தியா?"

ஐஸ்காரர் பார்த்தார். ஓடையைப் பார்த்தாரோ இல்லையோ, 'நீ' என்றது காதில் விழுந்துவிட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அவள் முகம் வியர்த்து, தலைமுடியெல்லாம் மணலாக, பத்து வயசுப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. "தோப்புக்குப் போயிடுவோம். போய்ப் பேசிக்கலாம்" என்றார் பாவி மனுஷன். எதையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்வார்.

மெத்தை வந்தது. வாத்தியார் திரும்பி ஒரே மூச்சில் ஏறிப் போனார். ஜீப் இறங்கியது, நன்றாகத்தான் போனது. நடுவில் பின்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது போல. பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி முனகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தது. ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கியது. அவள் கதவைத் திறந்து குதித்து, பின்னால் வரும் பிக்கப்பைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

ஐஸ்காரர் மெத்தையில் பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். யோசிக்கவே இல்லை. ஸ்டியரிங்கை மெதுவாக ஒடித்து ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போனார். ஜன்னல் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் அவள் நின்றாள். "அப்பா!" என்றாள். அவர் ஒரு கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். இரு, வந்துடறேன் என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்து அவள் அந்தக் கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், பட்டறை வாசலில், பள்ளிக்கூட வாசலில், எல்லா வாசலிலும். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது அவளுடைய கைகள் கீழே இறங்கிவிட்டிருந்தன.

தோப்பின் விளிம்பில் கெட்டி மண் வந்ததும் நிறுத்தினார். கயிறு, மண்வெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். மணல் காலை இழுத்தது. மூச்சு வாங்கியது. நடக்க நடக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், போனதும் முதல் வார்த்தையே அதுதான், மண்வெட்டியைக் கீழே போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது.

போய்ப் பார்த்தால் ஜீப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியும் அச்சு வரை புதைந்து கிடந்தது. பல் டாக்டருடையது. சட்டம் போட்ட பல் டாக்டர், மண்டியிட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டால் சக்கரத்தடியில் மணலை வாரிக்கொண்டிருந்தார். மகள் எதிரில் இன்னொரு தட்டோடு. எதையோ சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க ஐஸு" என்றார் பல் டாக்டர். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன், நானே நின்னுட்டேன். பொண்ணு தனியா நின்னு கையைக் காட்டுது. எனக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க? பாத்திரம் நான்தான் கழுவறேன், ஆளை விடுங்க."

"நானும்தானே நின்னேன் அங்கிள். பாதிப் பாதி" என்றாள் மகள்.

ஐஸ்காரர் மண்வெட்டியோடு நின்றார். பேசாமல் குனிந்து தோண்ட ஆரம்பித்தார்.

பிறகு அவர்தான் பிக்கப்பைக் கெட்டி மண்ணின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, வாத்தியாரின் கயிற்றையும் தன் கயிற்றையும் சேர்த்து முடிந்து, முதலில் ஜீப்பை, அப்புறம் பல் டாக்டர் வண்டியை வெளியே இழுத்துப் போட்டார். அவரும் நின்றிருந்தால் இரண்டு வண்டிக்குப் பதில் மூன்று வண்டி மாட்டியிருக்கும். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வாத்தியார் கைதட்டி, "ஐஸு மட்டும் நிக்காம போகலேன்னா இன்னைக்கு எல்லாரும் அம்போதான்" என்றார்.

"ஆமாப்பா, தேங்க்ஸ்" என்றாள் மகள். "நீங்க இல்லேன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. ஐஸ்காரர் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். சரியாகச் செய்தும் தோற்றுப்போகிறவனுக்குப் போய் அழ இடம் ஏது? தப்பு செய்தவனுக்காவது மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது.

சாயங்காலம் தோப்பில் கூடாரங்களை அடித்து, வாத்தியார் மனைவி சோறும் முட்டையும் ஆக்கி எல்லாரும் சாப்பிட்டார்கள். மகளும் பல் டாக்டரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் கேன் பக்கம் போனார்கள். ஐஸ்காரர் பின்னாலேயே போய், "நீங்க போங்க டாக்டர், நான் கழுவறேன்" என்றார். பல் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

மகள் தட்டுகளை மணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். இவர் அலசினார்.

"பாப்பா."

"ம்."

"அன்னைக்கு நான் வந்திருக்கணும்."

சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் நெஞ்சில் கல்லாக அடைத்துக்கொண்டிருந்தது, சொன்னதும் இவ்வளவு சின்னதாக இருந்தது. எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.

"இல்லப்பா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றாள். "அந்த மருந்தெல்லாம் கெட்டுப்போயிருக்கும். எத்தனை குழந்தைங்களுக்குப் போடறது. நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டேன்."

"கோபம் இருந்தா திட்டிடு. மனசுல வெச்சுக்காத."

"கோபமெல்லாம் இல்லப்பா. இருந்தது, நிறைய இருந்தது. இப்ப இல்ல." ஒரு தட்டை அவர் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க என்னைத் தாண்டிப் போனப்ப, ஐயோன்னு இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணுமே தோணல. அப்பா அப்படித்தான்னு தோணுச்சு, அவ்வளவுதான். அப்பறம் டாக்டர் அங்கிள் நின்னாரு பாருங்க, அப்பத்தான் அழுகை வந்துச்சு."

ஐஸ்காரர் அலசின தட்டையே மறுபடி மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

"தண்ணி தீர்ந்துடும்ப்பா" என்று அவள் தட்டை வாங்கி அடுக்கிவிட்டு எழுந்தாள்.

திட்டுவாள், அழுவாள், கதவை அறைந்து சாத்துவாள் என்றெல்லாம் அவர் பட்டறையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் மன்னித்துவிட்டாள் என்பதற்கு மட்டும் தயாராக இல்லை. அதை மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஆணி அடித்த சுவரைப் பார்த்துவிட்டுப் போவது போல அவரைப் பார்த்துவிட்டுப் போனாள். மனுஷன் பிக்கப்பின் பின்னால் போய் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜ் துடைக்கிற துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

காலையில் கூடாரங்களைப் பிரித்தார்கள். கடல் ஏறுவதற்குள் கரையைக் கடந்து ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான், அவளுடைய ஃப்ளைட் போய்விடும். "யாரும் வழியில வேடிக்கை பார்க்காதீங்க" என்று பல் டாக்டர் எல்லாரையும் விரட்டினார். கூடாரங்கள், தண்ணீர்க் கேன்கள், அடுப்பு எல்லாம் பிக்கப்பில் ஏறின. முன்னால் வாத்தியார், அடுத்து பாரம் ஏற்றிய பிக்கப், பிறகு ஜீப், கடைசியில் பல் டாக்டர் என்று வரிசை. மகள் நீலத் திண்டைச் சரிசெய்துகொண்டு ஏறினாள்.

"ஏர்போர்ட்ல பேசுவோம்ப்பா" என்றாள்.

மெத்தை வந்தது. வாத்தியார் தாண்டிப் போனார். ஐஸ்காரர் இரண்டாவது கியரில் இறங்கினார். முந்தின நாள் ஜீப் மாட்டிய குழி தூர்ந்தும் தூராமலும் தெரிந்தது. கண்ணாடியில் ஜீப் வந்துகொண்டிருந்தது. அந்தக் குழிக்கு நேராக வந்ததும் அவருடைய கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. கால் தானாக எழுந்தது என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலுக்கு என்ன தெரியும்? எடுத்தது மனுஷன்தான். நாற்பது வருஷமாக எங்கேயும் நிற்காத ஆள், நிற்கக் கூடாத இடத்தில், நிற்கக் கூடாத நேரத்தில் நின்றார். பாரத்தோடு பிக்கப் பொதுக்கென்று இறங்கியது.

கதவைத் திறந்து இறங்கி நின்றார். ஜீப் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கையைத் தூக்கினார், பிறகு இரண்டாவது கையையும் தூக்கினார். ஃபெர்ரியையும் ஃப்ளைட்டையும் அப்போது அவர் நினைக்கவே இல்லை என்றால் அது பொய். நினைத்தார். நினைத்தும் கையை ஆட்டினார். ஒரு தடவை பிரேக்கில் கால் வைத்துவிட மாட்டாளா? நின்று, இறங்கி, "உனக்கு அறிவிருக்காப்பா? ஏன் நிறுத்தின?" என்று கத்திவிட மாட்டாளா? அதற்குப் பிறகு ஃப்ளைட் போனால் போகட்டும், ஆயுசு முழுக்கத் திட்டட்டும்.

ஜீப் மெதுவாக ஒடிந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போனது. திண்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணை மணலை விட்டு எடுக்காமல் ஓட்டினாள். பிறகு இடது கையை மட்டும் ஒரு கணம் எடுத்து விரல்களை விரித்துக் காட்டினாள்.

அடுத்து பல் டாக்டரின் வண்டியும் தாண்டிப் போனது. அவரும் இன்றைக்கு நிற்கவில்லை.

ஐஸ்காரர் மண்வெட்டியைக்கூட எடுக்காமல் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. மணலைப் பார்த்துக் கண் கூசியது. வெகு நேரம் கழித்துத் தூரத்தில் ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. கையில் கயிறு இருந்தது. வந்துடறேன் என்றுதானே கை காட்டினாள்! அவர் இரண்டடி முன்னால் போனார். காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற அந்த உருவம் அவளாக இருக்கும் என்று வெகு தூரம் வரைக்கும் நம்பினார். பக்கத்தில் வந்த பிறகு அது பல் டாக்டராகிவிட்டது.

"என்ன ஐஸு, நீங்க போய் நிக்கலாமா? நேத்து நானும் நிக்காம போயிருக்கணும். அதான் இன்னைக்கு ஒழுங்கா கெட்டி மண்ணுல விட்டுட்டு வர்றேன்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "கிளட்ச் போயிடுச்சா?"

"பாப்பா?"

"கடல் ஏற ஆரம்பிச்சுடுச்சு. இனிமே நின்னா ஃபெர்ரி போயிடும்னு நான்தான் அவளை வாத்தியாரோட அனுப்பி வெச்சேன். அப்பாவை நான் பாத்துக்கறேன், நீ போம்மான்னேன். சரின்னுட்டா. ஜீப்பை வாத்தியார் அக்கரையில வாங்கி வெச்சுப்பாரு." அவர் கயிற்றைக் கீழே போட்டார். "பத்திரமா வரச் சொன்னா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற... அவசரம்ல?"

ஐஸ்காரர் தலையை ஆட்டினார். பிக்கப்பின் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். முதல் வெட்டுக்கு மணல் சரிந்து மறுபடி மூடிக்கொண்டது.

"கரையில எங்கயாவது மாட்டினாளா?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"சேச்சே. சல்லுன்னு போயிட்டா. ஒரு இடத்துல வேகம் குறையணுமே!"

"அப்படித்தான் ஓட்டணும்" என்றார் ஐஸ்காரர். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்." திரும்பவும் தோண்ட ஆரம்பித்தார்.